சிசேரியன் மயக்க ஊசிக்கு முன் பதற்றம் தணிக்கும் மூச்சுப் பயிற்சி: முழுமையான வழிகாட்டி

சிசேரியனுக்கு நாள் குறிக்கப்பட்ட கர்ப்பிணிக்கும், அவருடன் மருத்துவமனைக்கு வரும் அம்மா அல்லது கணவருக்கும், பிரசவத் தியேட்டரில் புதிதாகப் பணிக்குச் சேர்ந்திருக்கும் செவிலியருக்கும் பயன்படும்படி இதை எழுதுகிறேன். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்கின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியனாக நடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதுகில் போடும் மயக்க ஊசியால், தாய் விழித்திருக்கும்போதே நடப்பவை. விழித்திருப்பதால் ஒவ்வொரு ஓசையும், முதுகில் படும் ஒவ்வொரு கையும் அவருக்குத் தெரிகிறது. அந்த நேரத்தில் அவர் தன் வசத்தில் வைத்திருக்கக்கூடியது மூச்சு ஒன்றுதான்.

தியேட்டரில் செவிலியராகப் பல ஆண்டுகள் நின்று பார்த்த அளவில், பயிற்சி கடினமாக இருப்பதால் தடுமாறுபவர்கள் குறைவு. கற்றுக்கொடுக்கும் வரிசை தவறுவதால் தடுமாறுபவர்கள்தான் அதிகம். ஆகவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. பயமா, நோயா என்று முதலில் பிரித்தறியுங்கள்

நிறைமாதத்தில் கருப்பை மேலெழும்பி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தைத் தள்ளிக்கொண்டிருப்பதால், படியேறினால் மூச்சு வாங்குவது இயல்பு. ஆனால் தலையணையை உயர்த்தி வைத்தும் படுக்க முடியாத திணறல், பேசும்போது இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தும் நிலை, நெஞ்சு வலி, மூச்சிழுப்பு, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் 95-க்குக் கீழே தெரியும் எண் ஆகியவற்றைப் பதற்றம் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. கடுமையான இரத்தசோகையும் இதய வால்வு நோயும் ஆஸ்துமாவும் வெளிப்பார்வைக்குப் பயம் போலவே தோன்றும். இவற்றில் ஏதேனும் இருந்தால் பயிற்சியைத் தொடங்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இரத்த அழுத்தம் கூடிய கர்ப்பிணி, "தலை வலிக்குது, கண்ணு மங்கலா தெரியுது" என்று சொன்னாலும் அப்படியே. அவரை அமைதிப்படுத்திப் படுக்க வைப்பது, சொல்ல வேண்டிய அறிகுறியை அமுக்கி வைப்பதாக முடியும்.

எந்தத் தடையும் இல்லை என்று உறுதியான பிறகு, அவரிடம் விருப்பம் கேளுங்கள். சிலருக்கு மூச்சைக் கவனிக்கச் சொன்னாலே படபடப்பு கூடும். அவர்களைக் கட்டாயப்படுத்தாமல், மெதுவான குரலில் பிரார்த்தனை சொல்லச் சொன்னால் போதும். ஒரு வரியை நிறுத்தி நிதானமாகச் சொல்லும்போது மூச்சு தானாகவே நீளமாக வெளியேறும்.

2. யார், எப்போது, எதைக் கொண்டு

நாள் குறித்த சிசேரியன் என்றால் 36-ஆவது வாரத்திலிருந்து தொடங்குவது நல்லது. காலையில் ஐந்து நிமிடம், இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம் போதும். அறுவைக்கு முதல் நாள் மாலை வார்டில் சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொடுக்க முடிகிறது என்றாலும் பயன் உண்டு. ஆனால் தியேட்டர் மேசையில் முதல் பாடத்தைத் தொடங்கினால் பயன் மிகவும் குறைவு. பயந்த மனம் புதிதாக எதையும் கற்காது, ஏற்கெனவே பழகியதைத்தான் தேடும்.

சாய்வில்லாத நாற்காலி அல்லது முக்காலி, ஒரு தலையணை, நொடிமுள் உள்ள சுவர்க் கடிகாரம் ஆகியவை இருந்தால் போதும். கைப்பேசியில் உள்ள மூச்சுப் பயிற்சிச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. தியேட்டருக்குள் கைப்பேசி வராது. ஒரு மாதம் அந்த ஓசைக்குப் பழகியவர் அது இல்லாத இடத்தில் கைவிடப்பட்டது போல உணர்கிறார்.

உடன் பழகுபவர் யார் என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். நம் ஊரில் வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வந்துவிடும் பெண்ணுக்கு, அன்றாடம் அருகில் இருப்பவர் பெரும்பாலும் அம்மாதான். கணவரை மட்டும் வகுப்புக்கு அழைத்துக் கற்றுக்கொடுத்துவிட்டு, வீட்டில் எண்ண வேண்டியவரை விட்டுவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

3. நிறைமாதத்தில் ஆழமாக அல்ல, மெதுவாக

இந்தப் பகுதியைப் புதிய செவிலியர்கள் அவசரப்படாமல் படிக்க வேண்டும், ஏனெனில் பிழைகளில் பாதி இதைத் தெரியாததால் வருபவை.

கர்ப்ப காலத்தில் பெண்ணின் மூச்சு ஏற்கெனவே கூடுதலாகத்தான் ஓடுகிறது. ஒரு நிமிடத்தில் உள்ளே போய் வரும் காற்றின் அளவு வழக்கத்தைவிடச் சுமார் 40 முதல் 50 சதவீதம் அதிகம். அதனால், வழக்கமாக 40 மி.மீ. பாதரச அளவில் இருக்கும் இரத்தத்தின் கரியமில வாயு அழுத்தம், நிறைமாதத்தில் 30 முதல் 32 வரை இறங்கியிருக்கும். இந்த நிலையில் உள்ளவரிடம், "நல்லா ஆழமா இழும்மா, இன்னும் இழு" என்று வேகமாக ஏவினால் அந்த அழுத்தம் மேலும் இறங்கும். உதட்டைச் சுற்றி மரமரப்பும், தலைச்சுற்றலும், விரல்களில் குறுகுறுப்பும் வரும். மிகையாகிப் போனால் கருப்பைக்குப் போகும் இரத்த ஓட்டமும் குறையக்கூடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பணிக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டில், முதல் பிரசவத்துக்கு வந்திருந்த இளம்பெண் ஒருவர் முன் அறையில் அழுதுகொண்டிருந்தார். அவரைத் தேற்றுவதாக நினைத்து, "ஆழமா மூச்சு எடு, எடு" என்று பத்து நிமிடம் விடாமல் சொன்னேன். நான் சொன்னதையெல்லாம் அவர் உண்மையாகவே செய்தார். பிறகு அவருடைய கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கி, மற்ற விரல்கள் கூம்பி விறைத்து நின்றன. "கை வரல சிஸ்டர்" என்று அவர் அலறியபோது எனக்கும் கை நடுங்கியது. மயக்க மருத்துவர் வந்து, என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் முன் குனிந்து, "ஊது... மெதுவா ஊது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். சில நிமிடங்களில் விரல்கள் விரிந்தன. அன்றிலிருந்து "ஆழமா" என்ற சொல்லை நான் தியேட்டரில் பயன்படுத்துவதில்லை.

மூச்சை அடக்குவதும் ஆகாது. நிறைமாதத்தில் மூச்சு விட்ட பிறகு நுரையீரலில் மிஞ்சும் காற்று சுமார் 20 சதவீதம் குறைந்திருக்கும், உடலின் ஆக்சிஜன் தேவையோ அதே அளவு கூடியிருக்கும். சேமிப்பு குறைவு, செலவு அதிகம் என்பதால் அடக்கிய மூச்சு விரைவில் உடலை வாட்டும். யோகா பழகியவர்கள் மூச்சை அடக்கும் கும்பகமும், வேகமாக மூச்சு விடும் கபாலபாதியும், பஸ்திரிகாவும் செய்ய முற்பட்டால் இதைச் சொல்லி நிறுத்த வேண்டும். காதை மூடாமல் மெல்ல முனகும் பிராமரி மட்டும் வார்டில் செய்யலாம், அதில் வெளிமூச்சு இயல்பாகவே நீள்கிறது.

4. முதல் பாடம்: விடுவதிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலானோர் "மூச்சை உள்ளே இழுங்கள்" என்று தொடங்குகிறார்கள். பயந்தவரின் நெஞ்சு ஏற்கெனவே காற்றால் நிரம்பி, தோள் காதுவரை ஏறியிருக்கும். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றச் சொன்னால் எங்கே கொள்ளும்? முதலில் காலி செய்யச் சொல்லுங்கள். அடுத்த மூச்சு கேட்காமலே உள்ளே வரும். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைவது உடலின் இயற்கை. வெளிமூச்சை நீட்டுவதால் அமைதி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவரை முக்காலியில் உட்கார வைத்து, பாதம் இரண்டும் தரையில் படும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பாதம் தொங்கினால் தொடையும் இடுப்பும் இறுகும். ஒரு கையை மார்பிலும் மற்றொன்றை வயிற்றின் மேற்பகுதியில் விலா எலும்புக்குக் கீழேயும் வைக்கச் சொல்லுங்கள். தொப்புளுக்குக் கீழே வைத்தால் குழந்தையின் அசைவு மட்டுமே தெரியும், மூச்சு தெரியாது.

பிறகு, சூடான காபியை டம்ளரோடு பிடித்துக்கொண்டு, சிந்தாமல் ஆற்றுவதற்கு எப்படி ஊதுவாரோ அப்படி ஊதச் சொல்லுங்கள். அகல் விளக்கின் சுடர் சாயும், ஆனால் அணையாது என்ற அளவும் பலருக்கு உடனே பிடிபடுகிறது. விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் அந்தச் சுடரைக் கற்பனை செய்த உடனே ஊதும் வேகத்தைத் தாமாகக் குறைத்துக்கொள்கிறார்கள். எந்த உவமை அவருக்குப் பொருந்துகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு, கடைசிவரை அதையே சொல்லுங்கள்.

ஊதி முடித்ததும் வாயை மூடினால் காற்று மூக்கு வழியாகத் தானே உள்ளே வரும். மூக்கு வழியாக இழுப்பது, பட்டினி இருக்கும் நாளில் தொண்டை வறளாமல் காக்கும். நிறைமாதத்தில் மூக்கடைப்பும் வழக்கமாக இருப்பதால், முடியாதவரை வற்புறுத்தாமல் வாயாலேயே இழுக்க விடுங்கள்.

5. எண்ணிக்கை

உவமை பழகிய பிறகே எண்ணிக்கைக்கு வர வேண்டும். உள்ளே மூன்று, வெளியே ஐந்து என்று தொடங்குங்கள். ஒன்றுக்கு ஒரு நொடி. நான்கு நாட்களில் எளிதாகிவிட்டால் உள்ளே நான்கு, வெளியே ஆறு என்று கூட்டலாம். இது நிமிடத்துக்கு ஆறு மூச்சாக வரும். அதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை. மூன்று, ஐந்தே இதமாக இருந்தால் அதிலேயே நின்றுவிடலாம். பெரிய எண்ணை எட்டுவது இங்கே நோக்கம் அல்ல, காற்று போதவில்லை என்ற உணர்வு ஒருமுறைகூட வரக் கூடாது என்பதே நோக்கம்.

எண்ணுபவர் செய்யும் பிழை ஒன்று உண்டு. கர்ப்பிணி பதறும்போது எண்ணுபவரும் அறியாமல் வேகமாக எண்ணுவார். அதனால்தான் நொடிமுள் உள்ள கடிகாரம். அம்மாக்களிடம், "பொண்ணு முகத்தைப் பார்க்காதீங்கம்மா, முள்ளைப் பார்த்து எண்ணுங்க" என்று சொல்லிக்கொடுப்பேன். அவர்களுக்கு அது கொஞ்சம் கடினம், ஆனாலும் இரண்டு நாளில் வந்துவிடும்.

உதட்டில் மரமரப்போ தலைச்சுற்றலோ வந்தால் எண்ணுவதை நிறுத்திவிட்டு, இயல்பாக மூச்சு விட்டு, சிறிது பேசிக்கொண்டிருந்தால் சரியாகிவிடும். காகிதப் பையில் மூச்சு விடச் சொல்லும் பழைய வழக்கத்தைக் கையாளக் கூடாது.

6. ஊசி போடும் நிலையிலேயே பழகுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். கட்டிலில் சாய்ந்து படுத்துப் பழகிய மூச்சு, தியேட்டர் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து குனியும்போது அப்படியே வராது. குனிந்தால் வயிறு அழுந்தும், மூச்சு குட்டையாகும், புதிதாக அனுபவிப்பவர் அதையே மூச்சு முட்டுவதாக நினைத்துக்கொள்வார்.

முக்காலியில் உட்கார்ந்து, தலையணையை மார்போடு அணைத்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து, தோள்களைத் தொங்கவிட்டு, இடுப்புக்கு மேலே உள்ள முதுகைப் பூனை சிலிர்ப்பது போல வெளியே வளைக்க வேண்டும். தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுவதால் ஊசி அதற்குக் கீழே உள்ள இடைவெளியில் போடப்படுகிறது. முதுகு வளையும்போது முள்ளெலும்புகளுக்கு இடையே அந்த இடைவெளி விரிந்து மருத்துவருக்கு வழி எளிதாகிறது. இந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டால், "ஏன் இப்படி அமுக்குறீங்க" என்ற எரிச்சல் அவருக்கு வராது.

இந்த நிலையில் மூச்சை இன்னும் சிறியதாக்க வேண்டும். பெரிய மூச்சு முதுகை அசைக்கும். உள்ளே இரண்டு, வெளியே மூன்று என்று, தோள் ஏறாமல், உதடு மட்டும் அசையும் அளவுக்கு ஊதினால் போதும். இதற்குத் தனியாக "சின்ன மூச்சு" என்று பெயரிட்டுப் பழக்குங்கள். மேசையில், "இப்போ சின்ன மூச்சும்மா" என்ற ஒரே சொல்லில் அவருக்குப் புரிந்துவிடும்.

உடன் பழகுபவர் ஈரத் துணியால் முதுகைத் துடைத்துவிட்டு, விரல் நுனியால் ஒரு புள்ளியை அழுத்தலாம். சில்லென்ற தொடுகையில் உடல் துள்ளுவது இயல்பு. வீட்டில் பத்து முறை துள்ளியவர் தியேட்டரில் துள்ளுவதில்லை.

7. அறுவை நாள் காலை

திட உணவை நிறுத்தி ஆறு மணி நேரமும், தெளிந்த நீரை நிறுத்தி இரண்டு மணி நேரமும் ஆகியிருப்பது நாள் குறித்த அறுவைக்கான பொதுவான விதி. உங்கள் மருத்துவர் சொல்லும் நேரமே இறுதியானது. பசியும் தாகமும் படபடப்பைக் கூட்டும் என்பதால், தண்ணீர் குடிக்க அனுமதித்த நேரம்வரை குடித்தாரா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். இரவு பத்து மணிக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வருபவர்கள் ஏராளம்.

நகை கழற்றுவதை மூச்சுப் பயிற்சிக்கு முன்பே முடித்துவிடுங்கள். கண்ணாடி வளையலை ஒவ்வொன்றாக உருவும்போதும், தாலியைக் கழற்றவோ சுற்றி ஒட்டவோ சொல்லும்போதும்தான் பலருக்குக் கண் கலங்குகிறது. அமைதியாக்கிய பிறகு அதைச் செய்தால், உழைத்ததெல்லாம் வீண். அம்மாவோ மாமியாரோ கையால் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்ளட்டும், அவசரப்படுத்த வேண்டாம்.

கையில் கேனுலா (மருந்து ஏற்ற இரத்தக் குழாயில் செருகும் சிறு குழாய்) போடும் நேரத்தை ஒத்திகையாகப் பயன்படுத்துங்கள். அன்றைக்கு அவர் உடலில் ஏறும் முதல் ஊசி அதுதான். "ஊதும்மா" என்று சொல்லி, அவர் ஊதத் தொடங்கி ஓரிரு நொடி ஆன பிறகு குத்தச் சொல்லுங்கள். ஊதும்போது வலி தாங்கும்படி இருந்தது என்று அவரே கண்டுகொண்டால், முதுகு ஊசிக்கான நம்பிக்கையில் பாதி வந்துவிடும். ஊசி கண்டால் கையை வெடுக்கென்று இழுப்பவரா, உறைந்துபோகிறவரா என்பதும் அப்போது தெரிந்துவிடும். இழுப்பவரைப் பற்றி மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சில மருத்துவமனைகளில் சிறுநீர்க் குழாயையும் வார்டிலேயே வைத்துவிடுகிறார்கள். அங்கும் நீளமாக ஊதும் நேரத்திலேயே வைக்க வேண்டும்.

முன் அறையில் காத்திருக்கும்போது இடைவிடாமல் பயிற்சி செய்யச் சொல்லாதீர்கள். ஐந்து மூச்சு, பிறகு இரண்டு நிமிடம் பேச்சு என்று மாற்றி மாற்றிச் செய்தால் களைப்பு வராது. மல்லாந்து படுக்க வைக்காமல் இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து கிடந்தால் கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தி மயக்கம் போல வரும். அதைப் பயம் என்று எண்ணி மூச்சுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பது பெரிய தவறு.

8. தியேட்டருக்குள்: ஒரே குரல்

உள்ளே நுழைந்ததும் குளிர், வெளிச்சம், மானிட்டரின் பீப் ஒலி. நான்கு பேர் நான்கு பக்கமிருந்து, "குனி", "ஆடாதே", "கையை நீட்டு", "மூச்சு விடு" என்பார்கள். கற்றுக்கொண்டதெல்லாம் மறப்பது இந்த நொடியில்தான். அதனால் யார் ஒருவர் அவரிடம் பேசப்போகிறார் என்பதை முன்பே முடிவுசெய்துகொள்ள வேண்டும். மயக்க மருத்துவர் முதுகுப்பக்கம் இருப்பார், அவர் முகம் தெரியாது. ஆகவே முன்னால் நிற்கும் செவிலியரே பேச வேண்டும், மருத்துவர் சொல்வதையும் அவர் வழியாகவே சொல்ல வேண்டும்.

முன்னால் நின்று, உங்கள் முகம் அவர் முகத்தின் உயரத்துக்கு வரும்படி சற்றுக் குனிந்து, இரு கைகளையும் அவர் தோள்மேல் வையுங்கள். அழுத்த வேண்டாம், கனமாக வைத்தால் போதும். தோள் ஏறும்போது உங்கள் கைக்கு முதலில் தெரியும். சொல்வதற்கு முன்பே நீங்களும் அதே வேகத்தில் ஊதத் தொடங்குங்கள். முகக்கவசம் மறைத்தாலும் ஓசை கேட்கும், பெரும்பாலும் அவரும் சேர்ந்துகொள்வார்.

ஒவ்வொரு நிகழ்வையும் முன்கூட்டியே ஒரு சொல்லில் அறிவித்துவிட்டு, உடனே மூச்சைக் கொடுங்கள். "இப்போ முதுகுல சில்லுனு மருந்து தடவுவாங்க. ஊது." "இப்போ எறும்பு கடிக்கிற மாதிரி சுருக்குனு இருக்கும், கொஞ்ச நேரம்தான். ஊது." "இனிமே ஒரு அழுத்தம் மட்டும் தெரியும். சின்ன மூச்சு." தோலை மரக்கச் செய்யும் ஊசி எரியத்தான் செய்யும். "ஒண்ணுமே தெரியாது" என்று பொய் சொல்லிவிட்டால் அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

காலில் மின்சாரம் பாய்ந்தது போல இருந்தால், அசையாமல் வாயால் சொல்லும்படி முன்பே சொல்லி வையுங்கள். வலி எடுத்திருப்பவராக இருந்தால், வலி அலை வரும்போது ஊசியை நிறுத்தும்படி மருத்துவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

9. ஊசி போட்ட பின்: மூச்சு தெரியாமல் போகும் நேரம்

படுத்த சில நிமிடங்களில் கால் சூடாகி, கனத்து, பிறகு தன் கால் இல்லை என்பது போல ஆகிவிடும். மரப்பு மார்புக் காம்பின் மட்டம்வரை ஏறினால்தான் சிசேரியன் வலியின்றி நடக்கும். அப்படி ஏறும்போது, மார்புக்கூடு விரிந்து சுருங்கும் உணர்வும் சேர்ந்து மறைகிறது. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ஓடுவது தெரியாது. பலர், "மூச்சு நின்னுடுச்சு சிஸ்டர்" என்று பதறுவது இப்போதுதான்.

இதற்கான விளக்கத்தை முன்பே கொடுத்துவிட வேண்டும். "நெஞ்சு அசையுறது உனக்குத் தெரியாது, ஆனா மூச்சு ஓடும்" என்று பயிற்சியின்போதே இரண்டு முறையாவது சொல்லுங்கள். மூச்சுக்கு முதன்மையான தசை உதரவிதானம், அதை இயக்கும் நரம்பு கழுத்தின் 3, 4, 5 ஆகிய தண்டுவட நரம்புகளிலிருந்து புறப்படுவதால் வழக்கமான மரப்பு அதை எட்டாது. மேசையில் அந்தக் கணம் வரும்போது, அவருடைய உள்ளங்கையை வாய்க்கு அருகே கொண்டுபோய் ஊதச் சொல்லுங்கள். காற்று கையில் படும். தெரியாமல் போன மூச்சு அவருக்கு அங்கே தெரிந்துவிடும். கையை அசைக்க முடியாதபடி வைத்திருந்தால் உங்கள் கையை வாய்க்கு அருகே வைத்து, "சூடா படுதும்மா" என்று சொல்லுங்கள்.

அதே நேரம் ஏமாந்துவிடவும் கூடாது. கைப்பிடி தளர்ந்தாலோ, குரல் கிசுகிசுப்பாகக் குறைந்தாலோ, மானிட்டரில் ஆக்சிஜன் எண் இறங்கினாலோ மரப்பு அளவுக்கு மேல் ஏறியிருக்கலாம். அந்த நொடியே மயக்க மருத்துவரைக் கூப்பிட வேண்டும். "என் விரலை இறுக்கிப் பிடி", "உன் பேரைச் சத்தமா சொல்லு" என்ற இரண்டையும் இடையிடையே கேட்டுக்கொண்டிருப்பது நல்ல பழக்கம்.

குமட்டல் வந்தால் அது பெரும்பாலும் இரத்த அழுத்தம் இறங்குவதற்கான அறிகுறி. மூச்சு விட்டுச் சமாளிக்கச் சொல்லாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்து கொடுத்தால் தணியும். நடுக்கம் வந்தால் அதுவும் பெரும்பாலும் மயக்க ஊசியால் வருவதே, பயத்தால் அல்ல. போர்வையும் வெதுவெதுப்பும் கொடுங்கள், "பயப்படாதே" என்று அதட்ட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தொடுவதும் இழுப்பதும் அழுத்துவதும் தெரியலாம், ஆனால் வலி தெரியக் கூடாது. அவர் வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்றுதான் பொருள். அங்கே "ஊதும்மா" என்று சொல்லும் செவிலியர், மயக்க மருத்துவருக்குப் போக வேண்டிய செய்தியைத் தடுக்கிறார். மூச்சுப் பயிற்சி வலி மருந்துக்கு ஒருபோதும் மாற்று ஆகாது.

குழந்தையை எடுக்கும் நேரத்தில் மேல் வயிற்றை அழுத்துவார்கள். ஒருவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது போல இருக்கும். அதற்கு முன், "அரை நிமிஷம் நெஞ்சு பாரமா இருக்கும், சின்னச் சின்னதா ஊது, பாப்பா வரப்போகுது" என்று சொல்லிவிட்டால் போதும்.

10. அவசர சிசேரியன், முழு மயக்கம்

பிரசவ அறையிலிருந்து நேரே தியேட்டருக்கு வருபவர், சற்று முன்வரை "மூச்சைப் பிடிச்சு முக்கு" என்று கேட்டுக்கொண்டிருந்தவர். அவர் உடல் அதையே தொடரும். "இனிமே முக்க வேணாம், மூச்சைப் பிடிக்க வேணாம்" என்று முதலில் சொல்லி, அதன் பிறகு ஊதச் சொல்லுங்கள். எண்ணிக்கை வேண்டாம், உவமையும் ஒரு சொல்லும் போதும்.

முழு மயக்கம் என்றால் மூச்சின் நோக்கமே வேறு. நுரையீரலை ஆக்சிஜனால் நிரப்புவதற்காக மாஸ்க்கை முகத்தோடு இறுக்கி வைத்து மூன்று நிமிடம் இயல்பாக மூச்சு விடச் சொல்வார்கள். நேரம் இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் எட்டு பெரிய மூச்சு. நான் மேலே வேண்டாம் என்ற ஆழ்ந்த மூச்சு இங்கே மட்டும் தேவைப்படுகிறது, அதை மருத்துவர் சொல்லும்போது செய்ய வேண்டும். இதழ் குவித்து ஊதப் பழகியவர் மாஸ்க்கைத் தள்ளிவிட முயல்வார். மாஸ்க்குக்குள்ளேயே ஊதலாம் என்று சொல்லுங்கள்.

மயக்கம் கொடுக்கும் முன்பே வயிற்றைச் சுத்தம் செய்து துணி போர்த்திவிடுவதால், விழித்திருக்கும்போதே அறுத்துவிடுவார்களோ என்று அவர் நடுங்குவார். "நீ தூங்கின பிறகுதான் தொடுவாங்க" என்று காதருகே சொல்ல வேண்டும். தூங்கும் நேரத்தில் கழுத்தில் ஒரு கை அழுத்தும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

11. புதியவர்கள் மீண்டும் மீண்டும் செய்யும் பிழைகள்

எக்ஸ்ரே அறையிலிருந்து வந்த "மூச்சை இழுத்துப் பிடி" என்ற சொல், வார்டிலும் தியேட்டரிலும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஊசி போடும்போது ஆடாமல் இருப்பதற்காக அதைச் சொல்கிறார்கள். மூச்சைப் பிடித்தவர் சில நொடிகளில் பெருமூச்சு விடுவார், அப்போது முதுகு மொத்தமாக அசையும். சின்ன மூச்சு விடுபவரே அசையாமல் இருப்பார்.

வார்டில் ஒருவர் "ஊது" என்றும், தியேட்டரில் மற்றொருவர் "ரிலாக்ஸ் ஆகு" என்றும் சொல்வது அடுத்த பிழை. பழகிய சொல் மாறினால் அவருக்குப் புதிய கட்டளையாகவே கேட்கும். "ரிலாக்ஸ்" என்ற சொல்லால் தளர்ந்த தோளை நான் இதுவரை பார்த்ததில்லை. "தோளை இறக்கு", "பல்லைக் கடிக்காதே" என்று உறுப்பின் பெயரைச் சொன்னால் அந்த உறுப்பு தளரும்.

அழுகையை நிறுத்தச் சொல்வதும் வேண்டாம். அழட்டும். விம்மல் அடங்கும்போது ஒரு நீண்ட மூச்சு தானாக வெளியே வரும், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த மூச்சை ஊதச் சொன்னால் பயிற்சி அங்கிருந்தே தொடங்கிவிடும்.

வார்டிலிருந்து அனுப்பும்போது கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். "காபி ஊதுதல், 3-5, குனிந்த நிலையில் சின்ன மூச்சு பழகியவர், கேனுலா போடும்போது கையை இழுத்தார்" என்ற அளவு போதும். தியேட்டர் செவிலியர் அதைப் படித்துவிட்டு, நோயாளி உள்ளே வந்ததும், "காபி ஊதத் தெரியும்ல?" என்று முதலில் கேட்க வேண்டும்.